உள்ளே ஒரு குரல் சிரிக்கிறதே, என்ன செய்வது?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று 'நான் தன்னம்பிக்கை நிறைந்தவன், எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்' என்று இருபது முறை சொல்லச் சொன்னார்கள். மூன்று வாரம் விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல உள்ளே ஒரு குரல் 'யாரை ஏமாத்துற?' என்று சிரிக்கிறது. முன்பைவிட மோசமாக இருக்கிறது. தன்னோடு தானே நல்லவிதமாகப் பேசிக்கொள்வது நிஜமாகவே உதவுமா? உதவும் என்றால் அன்றாடம் அதை எப்படிச் செய்வது?"

உதவும். ஆனால் உங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது அதன் மிகப் பிரபலமான வடிவம். மிகப் பலவீனமான வடிவமும் அதுதான். மனநல ஆலோசனை வேலையில் இதே புகாரை நான் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் "என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்ற முடிவோடுதான் வந்து உட்காருவார்கள். கோளாறு உங்களிடம் இல்லை, அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

2009-இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரியவன்' என்ற வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வைத்தார்கள். ஏற்கெனவே தங்களைப் பற்றி நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு கூடியது. தங்களைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ, அதைச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை கீழே போனது. அதாவது மருந்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. 'இந்த வாக்கியம் எந்த வகையில் உண்மை என்று மட்டும் யோசி' என்று கட்டாயப்படுத்தியபோது தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் சோர்ந்துபோனார்கள். 'எந்த வகையில் உண்மை, எந்த வகையில் உண்மையில்லை, இரண்டையும் யோசிக்கலாம்' என்று விட்டபோது அவ்வளவு சோர்வில்லை. மறுப்பதற்கு இடம் கொடுத்தால் மனசு அடங்குகிறது, வாயைப் பொத்தினால் கத்துகிறது.

காரணம் ரொம்பச் சிக்கலானதில்லை. நாம் நம்பாத ஒன்றைச் சொன்னதும் மனசு எதிர்ச் சாட்சிகளைத் தேட ஆரம்பித்துவிடும். "எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்" என்ற மறுநொடியே, போன மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் நினைவுக்கு வருவார். இருபது முறை சொன்னால் இருபது சாட்சிகள். ஆக நீங்கள் மூன்று வாரமாகத் தினமும் காலையில் உங்களுக்கு எதிரான வழக்கைத்தான் வலுவாக்கியிருக்கிறீர்கள்.

அந்த இருபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கிளைக்கதை. எமில் குவே என்று ஒரு பிரெஞ்சு மருந்தாளர் இருந்தார். மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொன்னால் அது இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கவனித்து, அதிலிருந்து தனக்குத்தானே கருத்தேற்றிக்கொள்ளும் முறை ஒன்றை வளர்த்தெடுத்தார். 'ஒவ்வொரு நாளும், எல்லா விதத்திலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்' என்பதுதான் அவருடைய மந்திரம். இருபது முடிச்சுப் போட்ட கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, காலையும் இரவும் இருபது முறை முணுமுணுக்க வேண்டும். 1920-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பெரிய அலையாக இருந்தது. இன்றைய கண்ணாடிப் பயிற்சிக்குத் தாத்தா என்று சொல்லலாம். ஆனால் குவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மனவுறுதியும் கற்பனையும் மோதினால் எப்போதும் கற்பனைதான் ஜெயிக்கும், அதனால் வலிந்து முயலக் கூடாது. பின்னால் வந்தவர்கள் முடிச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டார்கள்.

சரி, அப்படியானால் எதைச் செய்வது?

முதலில், சுயபேச்சு என்பது புதிதாகத் தொடங்க வேண்டிய பயிற்சி இல்லை. அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சின்னக் குழந்தை பொம்மையை அடுக்கும்போது கவனித்திருப்பீர்கள்: "இது இங்க... இல்ல, இது பெரிசு... அது மேல" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே அடுக்கும். அந்தப் பேச்சு வளர வளர உள்ளே போய், குரலில்லாத சிந்தனையாக மாறிவிடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1930-களிலேயே எழுதினார். நமக்குள் ஓடுவது அந்தக் குழந்தைப் பேச்சின் மிச்சம்தான். வேலை செய்ய உதவுவதற்காக வந்தது, போகப் போகத் திட்டவும் கற்றுக்கொண்டது. (எல்லோருக்கும் அது வார்த்தையாகவே ஓடுவதில்லை. சிலருக்குப் படங்களாக, சிலருக்கு உடம்பில் ஓர் உணர்வாக மட்டும் வரும். அப்படிப்பட்டவர்கள் கீழே சொல்வதைத் தாளில் எழுதிச் செய்தால் போதும்.)

நல்லதைச் சொல்வதற்கு முன்னால், இப்போது என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்க வேண்டும். இதுதான் கஷ்டம். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் கவனித்தது இதைத்தான்: நோயாளி ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னோர் ஓட்டம் ஓடுகிறது. நான் பேசுவது இவருக்குச் சலிப்பாக இருக்கிறதோ, நான் அசட்டுத்தனமாக உளறுகிறேனோ என்பது போன்ற நினைப்புகள். கண் இமைப்பதுபோல் அவை வந்து போய்விடும். மிஞ்சுவது மனசின் கனம் மட்டும். அவற்றுக்குத் 'தானியங்கி எண்ணங்கள்' என்று பெக் பெயர் வைத்தார்.

அந்த எண்ணத்தை நேராகப் பிடிக்க முடியாது, வாலைத்தான் பிடிக்க முடியும். திடீரென்று மனசு தொய்ந்தாலோ, வயிற்றில் ஏதோ பிசைந்தாலோ, முகம் சூடானாலோ, அதுதான் வால். உடனே கேளுங்கள்: "இப்ப என்ன சொல்லிக்கிட்டேன்?" கிடைத்ததை அப்படியே எழுதுங்கள். அழகு படுத்தி எழுத வேண்டாம். "நான் சற்று ஏமாற்றமடைந்தேன்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "போச்சு, எல்லாம் போச்சு" என்று ஓடியிருந்தால் அதையே எழுத வேண்டும். ஒரு வாரம் வேறெதுவும் மாற்றாமல் இதை மட்டும் செய்யுங்கள். பலருக்கு இந்த ஒரு வாரமே ஒரு அதிர்ச்சி. வேறு யாரிடமும் பேசாத மொழியில் நாம் நம்மோடு பேசிக்கொண்டிருப்பது கறுப்பு வெள்ளையில் தெரியும்.

எழுதியதைப் படிக்கும்போது மொழியைக் கவனியுங்கள். தமிழில் நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள நுட்பமான கருவிகள் இருக்கின்றன. "என்னால முடியல" என்பது ஒரு தகவல். "என்னாலெல்லாம் முடியுமா?" என்பது தீர்ப்பு. அந்த 'எல்லாம்' ஒன்று போதும், ஆளையே சிறியவனாக்கிவிடும். அப்புறம் 'எப்பவும்', 'ஒருநாளும்', 'எல்லாரும்' போன்ற சொற்கள். ஒரு நிகழ்ச்சியை முழு வாழ்க்கைக்கும் இழுத்துவிடும் சொற்கள் இவை. அடுத்தது பெயர்ச்சொல். "இன்னிக்கு வேலையைத் தள்ளிப்போட்டேன்" என்பதில் இருப்பது ஒரு வினை, நாளைக்கு அது மாறலாம். "நான் ஒரு சோம்பேறி" என்பதில் வினையே இல்லை, முத்திரைதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், சுயபேச்சைத் திருத்துவதில் பாதி வேலை பெயர்ச்சொல்லை மறுபடியும் வினைச்சொல்லாக்குவதுதான்.

இன்னொன்றும் உண்டு. திட்டும் குரல் பெரும்பாலும் 'நீ' என்றுதான் பேசும்: "உனக்கு எதுக்கு இந்த வேலை?" அது யாருடைய குரல் என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். பலருக்கு ஒரு ஆசிரியரோ, மூத்தவர் ஒருவரோ, பழைய மேலாளரோ தெரிவார். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், வசனம் மட்டும் தங்கிவிட்டது. யார் என்று தெரிந்துவிட்டால் அதன் அதிகாரம் கொஞ்சம் இறங்கும்.

இப்போது பதில் சொல்லும் வேலை. ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டார், இன்னொருவர் திருத்தினார். வெளியே வந்ததும் உள்ளே ஓடியது: "சொதப்பிட்டேன். எப்பவும் இப்படித்தான். எல்லாரும் என்னை முட்டாள்னு நினைச்சிருப்பாங்க."

கண்ணாடி முறைப்படி இதற்குப் பதில்: "நான் புத்திசாலி, எல்லோரும் என்னை மதிக்கிறார்கள்." அந்த நிமிடத்தில் இதை எவனாவது நம்புவானா? அதை விட்டுவிட்டு அந்த மூன்று வாக்கியங்களையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். முதலாவது பாதி உண்மை: ஒரு எண் தப்பு, மீதிப் பேச்சு சரியாகவே போனது. இரண்டாவதைச் சோதிக்கலாம்: போன கூட்டத்தில் நடந்ததா? அதற்கு முந்தையதில்? நடக்கவில்லை. மூன்றாவது அடுத்தவர் மண்டைக்குள் புகுந்து படித்தது. அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் அவரவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். இதையெல்லாம் சேர்த்தால் கிடைக்கும் பதில்: "இன்னிக்கு ஒரு எண்ணைத் தப்பா சொன்னேன். போன ரெண்டு கூட்டத்துல அப்படி ஆகல. யார் என்ன நினைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. சரியான எண்ணை மதியத்துக்குள்ள அனுப்பிடறேன்."

இதில் பளபளப்பு எதுவும் இல்லை. போஸ்டரில் போட முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது, ஏனென்றால் மறுக்க ஒன்றுமில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: இந்த வாக்கியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொல்ல முடியுமா? முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேண்டாம். பதிலின் கடைசி வாக்கியம் ஒரு வேலையாக இருப்பதையும் கவனியுங்கள். செய்ய ஒன்றைக் கையில் கொடுத்தால் மனசு மறுபடி மறுபடி அதே இடத்தைச் சுற்றுவது குறைகிறது.

சின்னச் சின்ன மாற்றங்களும் உதவும். "முடியல" என்பதற்கு முன்னால் "இன்னும்" சேர்த்துப் பாருங்கள். 'ஆனால்' எங்கே விழுகிறது என்று பாருங்கள். "நல்லாப் பேசினேன், ஆனால் நடுவுல தடுமாறினேன்" என்றால் மனதில் தங்குவது தடுமாற்றம். "நடுவுல தடுமாறினேன், ஆனால் முடிச்சுட்டேன்" என்றால் தங்குவது முடித்தது. இரண்டும் ஒரே உண்மைதான், வரிசை மட்டும் வேறு.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வுகளில், பலர் முன்னால் பேசப் போகும் ஆட்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் தங்கள் பதற்றத்தைப் பற்றி 'நான்' என்று யோசிக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்லியோ 'நீ' என்றோ யோசிக்க வேண்டும். பெயர் சொல்லி யோசித்தவர்கள் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு அதையே நினைத்து நொந்துகொள்வதும் குறைவாக இருந்தது. அடுத்தவர் சிக்கலுக்கு நாம் நிதானமாக யோசனை சொல்வோம் இல்லையா? பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நம் சிக்கலும் ஒரு அடி தள்ளிப்போய் நிற்கிறது.

பழந்தமிழ் அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பொருள் தேடப் போகலாமா, காதலியோடு இருக்கலாமா என்று தவிக்கும் தலைவன் 'நெஞ்சே' என்று தன் நெஞ்சைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து வாதாடுவான். நெஞ்சொடு கிளத்தல் என்று அதற்குப் பெயரும் உண்டு. மனசைத் தன்னிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துப் பேசினால் தெளிவு வரும் என்பது அந்தக் கவிஞர்களுக்கு ஆய்வகம் இல்லாமலே தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

செய்வது எளிது. வீட்டில் உங்களைக் கூப்பிடும் பெயரால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முழுப்பெயர் கூப்பிட்டால் வருகைப்பதிவு எடுப்பதுபோல் இருக்கும். "டேய், இப்ப எதுக்கு இவ்வளவு பதற்றம்? எது உன் கையில இருக்கு?" என்ற அளவில் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே எச்சரிக்கை: திட்டும் குரலும் 'நீ' என்றுதான் பேசும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் தொனி முக்கியம். நண்பனிடம் பேசும் தொனி வர வேண்டும்.

"அப்படி அன்பாகப் பேசினால் சோம்பேறி ஆகிவிட மாட்டேனா?" என்று நிறையப் பேர் கேட்பார்கள், அதுவும் கடுமையாக உழைப்பவர்கள்தான் அதிகம். திட்டுதான் தங்களை ஓட வைக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. 2012-இல் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் கலிஃபோர்னியாவில் இதைச் சோதித்தார்கள். கடினமான சொற்களஞ்சியத் தேர்வில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரை, தங்கள் மேல் பரிவோடு இருக்கச் சொன்னார்கள். அடுத்த தேர்வுக்கு அவர்கள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தோல்வியைப் பார்த்தாலே அடி விழும் என்றால் அந்தப் பக்கமே போகத் தோன்றாது. அடி விழாது என்று தெரிந்தால்தான் எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்க்க மனசு வரும்.

ஒரு வேலைக்குள் இறங்கும் முன் பேசிக்கொள்வது கொஞ்சம் வேறு வகை. விளையாட்டு உளவியலில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். 2011-இல் ஹாட்ஸிஜியார்ஜியாடிஸும் சகாக்களும் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சுயபேச்சு ஆட்டத்திறனைக் கூட்டுவது தெரிந்தது. நுணுக்கமான, கைத்திறன் சார்ந்த செயல்களில் எப்படிச் செய்வது என்று சொல்லும் பேச்சுதான் ("பந்தைப் பார்", "முழங்கையை உயர்த்து") உற்சாகப் பேச்சைவிட நன்றாக வேலை செய்தது. அன்றாடத்துக்கும் இதே கதைதான். நேர்காணலுக்குப் போகும்போது "கலக்கிடுவேன்" என்பதைவிட "மெதுவா பேசு, கேள்வி முடியற வரைக்கும் காத்திரு" என்பது கைகொடுக்கும்.

"பயப்படாதே", "அதை நினைக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். 1987-இல் டேனியல் வெக்னர் செய்த சோதனை பிரபலம்: ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட, அடக்கிவைத்தவர்களிடம் பிறகு 'இப்போது நினைக்கலாம்' என்றபோது, ஆரம்பத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. பயத்தை விரட்டுவதைவிட வேறு பெயர் சூட்டுவது சுலபம். படபடப்பாக இருக்கும்போது 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொன்னவர்கள் மேடைப்பேச்சைச் சிறப்பாகச் செய்ததாக அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் காட்டினார். இதயம் அடித்துக்கொள்வது இரண்டிலும் ஒன்றுதானே. அமைதி என்பது உடம்பு ஒத்துக்கொள்ளாத பொய், உற்சாகம் கிட்டத்தட்ட உண்மை. மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறோம்: நம்பக்கூடியதாக இருக்க வேண்டும்.

தினசரி எப்படி நுழைப்பது என்றால், தனி நேரம் ஒதுக்காதீர்கள். ஏற்கெனவே அடிக்கடி நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். "மேலாளர் பெயர் போனில் வந்ததும், எடுப்பதற்கு முன் என் பெயரைச் சொல்லி ஒரு வரி", "படுக்கையில் விளக்கை அணைத்ததும், இன்று எழுதியதில் ஒன்றுக்குப் பதில்" என்ற அளவில் ஒன்றோ இரண்டோ. எத்தனை நாளில் தானாக வரும் என்று கேட்காதீர்கள். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்ற கணக்கை மறந்துவிடுங்கள். லண்டனில் பிலிப்பா லாலி 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய பழக்கம் இயல்பாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. பயிற்சியை விட்டதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்பவர்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன்.

இது எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் உங்களை நிஜமாகவே அவமானப்படுத்துகிறார்கள், வீட்டில் அடிக்கிறார்கள் என்றால் அங்கே திருத்த வேண்டியது உங்கள் சுயபேச்சை இல்லை. சகித்துக்கொள்ள மனசைப் பழக்கும் கருவியாக இதை யாராவது உங்களுக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதேபோல் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல் மனசு கனத்துக் கிடக்கிறது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே பார்க்க வேண்டும். அந்த நிலையில் தனியாக உட்கார்ந்து வாக்கியம் திருத்துவது உடைந்த காலோடு நடைப்பயிற்சி செய்வது போல.

கடைசியாக உங்கள் கண்ணாடி. அதை விட வேண்டும் என்றில்லை, மூன்று வாரமாகப் பழகிய இடம், வசதியாகத்தான் இருக்கிறது. இருபது முறையை மட்டும் விட்டுவிடுங்கள். நாளைக் காலை ஒரே ஒரு முறை, அன்றைக்கு உங்களைப் பயமுறுத்தும் ஒரு வேலையைப் பற்றி மட்டும், உங்கள் பெயரைச் சொல்லி: "இன்னிக்கு அந்தப் போனைப் பண்ணணும். பயமாத்தான் இருக்கு. போன தடவையும் பயந்துகிட்டேதான் பண்ணின. முதல் வரியை எழுதி வச்சுக்கோ." சொல்லிவிட்டு, உள்ளே இருப்பவர் இதற்கும் சிரிக்கிறாரா என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.